கொத்தனார் கையில் ஒரு வலைத்தளம்

ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை வைத்திருக்கும் ஓர் அண்ணனுக்கு நான் செய்து கொடுத்த முதல் வலைத்தளம் பார்க்க அழகாக இருந்தது. திறந்தவுடன் திரை முழுக்க ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டின் முகப்பு, தேக்குத் தூண்கள், சிவப்பும் பச்சையுமாக மின்னும் தரை. மூன்று நொடிக்கு ஒரு படம் மாறும். கீழே மெல்லிய சாம்பல் நிற எழுத்தில் பட்டறையின் கதை. காரைக்குடியில் எனக்குத் தெரிந்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். எனக்கும் நிறைவாக இருந்தது.

இரண்டு மாதம் கழித்து அண்ணி போன் செய்தார். பட்டறைக்கு வரும் போன்களை எடுப்பவர் அவர்தான்.

"சைட்டு நல்லாருக்குன்னுதான் எல்லாரும் சொல்றாங்க தங்கச்சி. சொல்லிட்டு, சதுர அடி என்ன வெலன்னு கேக்குறாங்க. அது அதுல இல்லையா?"

இருந்தது. மெனுவைத் திறந்து, 'எங்கள் படைப்புகள்' போய், ஒரு வடிவத்தைத் தொட்டு, 'மேலும் அறிய'வை அழுத்தினால், அங்கே ஓர் அட்டவணையின் கடைசி வரியில் இருந்தது. நான்கு முறை தொட வேண்டும். எந்தக் கதவுக்குப் பின்னால் எது இருக்கிறது என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் கதவுகளை வைத்தவள் நான். வருகிறவருக்கு அது எப்படித் தெரியும்?

அண்ணி இன்னொன்றும் சொன்னார். அவர் பிறந்த வீட்டுப் பக்கம் பெரிய வீடுகளில் கல்யாணத்துக்கு வருகிறவர்கள் முகப்பு வழியாக வருவார்களாம். அரிசி மூட்டை, விறகு, காய்கறி எல்லாம் பின்வாசல் தெருவில்தான் வந்து இறங்குமாம். "கல்லு வாங்க வர்றவன் சாமான் ஏத்த வர்றவன் மாதிரி. அவனப் போயி முகப்புல நிக்க வச்சுட்டீங்க." டைல்ஸைத்தான் அவர் கல் என்கிறார். அந்த வார்த்தை அன்று முழுக்க மனதில் ஓடிக்கொண்டே இருந்தது.

அடுத்த நாள் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி அண்ணியிடம் கொடுத்தேன். வருகிற ஒவ்வொரு போனிலும் முதலில் கேட்கப்படும் கேள்வியை மட்டும், அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே எழுதச் சொன்னேன். இரண்டு வாரம் எழுதினார். அந்த நோட்டு என்னிடம் இன்னும் இருக்கிறது. "சதுர அடி என்ன வெல?" "பத்துக்குப் பன்னெண்டு ரூமுக்கு எத்தன கல்லு வரும்?" "எப்பக் கெடைக்கும்?" "லாரி வாடக சேத்தா?" "ஒட்டுறதுக்கு ஆள் நீங்களே அனுப்புவீங்களா?" "வழுக்குமா?" "பட்டறைக்கு எப்படி வரணும்?" ஏறக்குறைய எல்லாப் போனும் இந்த ஏழு கேள்விக்குள் அடங்கிவிட்டது. பட்டறையின் வரலாற்றை ஒருவரும் கேட்கவில்லை. அதைத்தான் நான் முதல் திரையில் வைத்திருந்தேன்.

வலைத்தளம் செய்யப் போகிறவர் யாராக இருந்தாலும் முதலில் இதைத்தான் செய்யச் சொல்வேன். நிறம், ஃபான்ட், டெம்ப்ளேட் எல்லாம் அப்புறம். அந்தக் கடையில் போன் எடுப்பவர் யார் என்று பார்த்து அவரிடம் ஒரு நோட்டைக் கொடுங்கள். பக்கத்தில் எது மேலே, எது கீழே என்ற வரிசை அந்த நோட்டிலிருந்து தானாக வந்துவிடும். பட்டன்களில் எழுத வேண்டிய வார்த்தைகளும் அதிலேயே கிடைக்கும். 'மதிப்பீடு பெறுக' என்று நான் எழுதியிருந்த பட்டன் இப்போது 'எத்தனை கல் வேண்டும்?' என்று இருக்கிறது.

நோட்டைப் படித்ததில் இன்னொன்றும் புரிந்தது. கேட்டவர்களில் பாதிப் பேர் வீட்டுக்காரர்கள் இல்லை, கொத்தனார்கள். வேலை நடக்கும் இடத்தில் நின்றுகொண்டு, வீட்டுக்காரருக்காகக் கேட்கிறார்கள். அதனால் அண்ணனுக்குத் தெரிந்த ஒரு கொத்தனாரய்யாவைப் பார்க்கப் போனேன். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். பள்ளத்தூரில் ஒரு வீட்டில் தரை போட்டுக்கொண்டிருந்தார். என் போனைக் கொடுக்காமல் அவர் போனிலேயே தளத்தைத் திறக்கச் சொன்னேன். 'பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு எத்தனை கல் வேண்டும் என்று கண்டுபிடியுங்கள்' என்று மட்டும் சொல்லிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டேன். வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் கடினம். 'அங்க இல்லய்யா, மேல' என்று நாக்கு நுனி வரை வந்துவிடும். சொல்லிவிட்டால் சோதனை அதோடு போச்சு.

வலது கையில் சிமெண்ட். இடது கையில் போனைப் பிடித்து அந்தக் கட்டைவிரலாலேயே தள்ளினார். திறக்க நேரமானது, படங்கள் ஒவ்வொன்றும் கேமராவிலிருந்து எடுத்த அளவிலேயே கிடந்தன. வெயிலில் சாம்பல் எழுத்து தெரியவில்லை, போனை நிழலுக்குத் திருப்பிக் கண்ணைச் சுருக்கினார். மெனுவுக்காக நான் வைத்திருந்த மூன்று கோட்டை அவர் தொடவே இல்லை. "அது ஏதோ கோடுன்னு நெனச்சேன்த்தா." ஒரு டைல்ஸ் படத்தைத் தொடப் போனார், அதே நேரம் மேலே மாறிக்கொண்டே இருக்கும் அந்த ஸ்லைடர் படங்களில் ஒன்று தாமதமாக வந்து இறங்க, பக்கம் கீழே நகர்ந்து, விரல் வேறொன்றில் பட்டது. எங்கோ போய்விட்டார். திரும்பி வரத் தெரியவில்லை. நான்கு நிமிடம் ஆகியிருக்கும். போனை மூடிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சொன்னார்: "நான் போன்ல கேட்டுக்குறேன்த்தா, அது சுளுவு."

அவருக்குத் தெரியவில்லை என்று அந்த இடத்தில் நினைத்திருந்தால் நான் எதையும் கற்றிருக்க மாட்டேன். அவர் நாற்பது வருடமாகச் சதுர அடிக் கணக்கை மனதிலேயே போடுகிறவர். தெரியாதது எனக்கு.

அதே வாரம் இன்னும் நான்கு பேரிடம் இப்படிக் கொடுத்துப் பார்த்தேன். 5 பேரை வைத்துப் பார்த்தாலே ஒரு தளத்தின் பெரும்பாலான சிக்கல்கள் வெளிவந்துவிடும் என்று வலைத்தளப் பயன்பாட்டு நிபுணர் யாகோப் நீல்சன் 2000-ல் எழுதினார். என் அனுபவத்தில் முதல் ஆளிடமே முக்கால்வாசி வந்துவிட்டது. மற்றவர்கள் அதை உறுதிப்படுத்தினார்கள்.

அன்று மதியம் கொத்தனாரய்யா வேலை செய்வதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கலவையைத் தொடுவதற்கு முன்னால் அவர் அரை மணி நேரம் வெறும் கல்லை வைத்தே விளையாடிக்கொண்டிருப்பது போலத் தெரிந்தது. அறையின் நடுவைக் கண்டுபிடித்து, குறுக்கும் நெடுக்கும் நூல் கட்டினார். ஓரத்தில் பார்டர் கல்லை வைத்தார். பிறகு நடுவிலிருந்து பூக்கல்லைக் கலவை இல்லாமல் பரப்பிக்கொண்டே சுவர் வரை போனார். ஒரு பக்கம் முக்கால் கல்லும் எதிர்ப்பக்கம் கால் கல்லுமாக வந்தது. எல்லாவற்றையும் எடுத்து, நூலைக் கொஞ்சம் நகர்த்திக் கட்டி, மறுபடி பரப்பினார். இப்போது இரண்டு பக்கமும் அரை அரைக் கல்.

"பார்டரு வெட்டக் கூடாது. மூலைக் கல்லும் வெட்டக் கூடாது. வெட்டக் கூடாதது எதுன்னு மொதல்ல வச்சுட்டா, வெட்டுறது எங்க வரணும்னு அதுவே சொல்லும்."

வீட்டுக்கு வந்ததும் கணினியைத் திறக்கவில்லை. என் போனின் திரை அளவுக்கு ஓர் அட்டையை வெட்டினேன். நோட்டில் இருந்த ஏழு கேள்விகளுக்கான பதிலை ஏழு காகிதத் துண்டில் எழுதி, அந்த அட்டை மேல் பரப்பினேன். வெட்டக் கூடாதது எது? சதுர அடி விலை, எத்தனை கல் என்ற கணக்கு, போன் பட்டன், வாட்ஸ்அப் பட்டன். இந்த நான்கும் முதல் திரையிலேயே, விரலால் தள்ளாமல் தெரிய வேண்டும். முகப்புப் படம் மீதி இடத்தில் எவ்வளவு கிடைக்கிறதோ அவ்வளவுதான். முழுத் திரையாக இருந்த படம் மூன்றில் ஒரு பங்காகியது. ஸ்லைடர் போய், ஒரே படம் நின்றது. பட்டறையின் கதை கடைசிக்குப் போனது. கதையை எடுக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விரும்பிப் படிப்பவர் அங்கே வரை வருவார்.

போன், வாட்ஸ்அப் இரண்டையும் பார்டர் கல் மாதிரி திரையின் அடியில் நிலையாக வைத்தேன். எவ்வளவு கீழே போனாலும் கட்டைவிரல் எட்டும் இடத்தில் அவை இருக்கும். தொடும் இடத்தின் அளவுக்கு வழிகாட்டுதல்கள் உண்டு: ஆப்பிள் 44 புள்ளி (திரையில் அளக்கும் ஓர் அலகு) என்கிறது, ஆண்ட்ராய்டில் 48. சிமெண்ட் ஒட்டிய விரலை நினைத்து நான் 56 வைத்தேன், இரண்டு பட்டனுக்கும் நடுவே நல்ல இடைவெளி விட்டு. வாட்ஸ்அப் பட்டனைத் தொட்டால், எந்த வடிவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாரோ அதன் பெயர் செய்தியில் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும். 'அந்தப் பச்சைப் பூ போட்டது' என்று அண்ணியிடம் விவரிக்க வேண்டியதில்லை.

விலையை வெளிப்படையாகப் போடுவதற்கு அண்ணன் முதலில் சம்மதிக்கவில்லை. வடிவத்துக்கு ஒரு விலை, நிறம் கூடினால் ஒரு விலை என்று தயங்கினார். குறைந்த விலை எதிலிருந்து தொடங்குகிறது என்று போட்டு, அதற்கு அடுத்த வரியிலேயே லாரி வாடகையும் ஒட்டும் கூலியும் தனி என்று எழுதினோம். எது சேராது என்பதை விலைக்குப் பக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். வேறு பக்கத்தில் நிபந்தனை என்று போட்டால் வாடிக்கையாளர் ஏமாற்றப்பட்டதாகத்தான் நினைப்பார், அது நியாயமும்கூட.

படங்களில் ஒரு பெரிய தவறு செய்திருந்தேன். ஆத்தங்குடிக் கல்லில் பல வடிவங்கள் நான்கு கல் சேர்ந்தால்தான் முழுப் பூவாகும். நான் ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒற்றைக் கல்லைப் படமெடுத்துப் போட்டிருந்தேன். "பூ ஓரத்துல வெட்டுப்பட்டாப்புல இருக்கே, இப்படியேதான் வருமா?" என்று ஒருவர் கேட்டதாக நோட்டில் இருந்தது. இப்போது முதல் படம் நான்கு கல் சேர்ந்தது, இரண்டாவது அறை முழுக்கப் போட்ட தரை, மூன்றாவதுதான் ஒற்றைக் கல், பக்கத்தில் ஓர் அளவுகோலோடு. ஒரு பொருளைத் தனியாகப் பார்ப்பது ஒன்று, அது இருக்கப் போகும் இடத்தில் பார்ப்பது வேறு.

நிறத்தையும் சொல்ல வேண்டும். இந்தக் கல்லை இயந்திரம் செய்வதில்லை. கண்ணாடியின் மேல் அச்சை வைத்து, நிறம் கலந்த சிமெண்ட் பாலை அச்சின் ஒவ்வொரு கட்டத்திலும் கையால் ஊற்றுவார்கள்; அச்சை எடுத்துவிட்டு அதன் மேல் சிமெண்டும் மணலும். பிறகு தண்ணீரில் ஊற வைத்துக் காய வைப்பார்கள். சூளையில் வைப்பதே இல்லை. அந்தப் பளபளப்பு கண்ணாடி கொடுத்தது. கையால் செய்வதால் ஒரு தவணையில் செய்த கல்லுக்கும் அடுத்த தவணைக்கும் நிறம் சற்று மாறும். வடிவத்தின் படத்துக்குக் கீழேயே இதை எழுதினோம், 'தேவையை ஒரே தடவையாகச் சொல்லுங்கள்' என்றும் சேர்த்து.

ஒரே தடவையாகச் சொல்ல வேண்டுமானால் எண்ணிக்கை சரியாக இருக்க வேண்டும். கணக்கு எளிது. 8 அங்குலக் கல் என்றால் ஒரு சதுர அடிக்கு 2.25 கல். 120 சதுர அடிக்கு 270. வெட்டும்போது உடைவதற்கு நூற்றுக்கு 5 சேர்த்தால் 284. பழைய தளத்தில் இந்தக் கணக்கைக் கேட்க பெயர், மின்னஞ்சல், ஊர், முகவரி என்று ஒன்பது கட்டம் நிரப்ப வேண்டும். இப்போது நீளம், அகலம், கல்லின் அளவு. விடை அங்கேயே வரும். பெயர் கேட்பதில்லை, வேண்டுமென்றால் அவரே கூப்பிடுவார்.

இந்த மூன்று கட்டத்திலும் ஒரு குழி இருந்தது. அறையின் அகலம் 10 அடி 11 அங்குலம் என்றால் நம் ஊரில் பலர் 10.11 என்றுதான் எழுதுவார்கள். கணினி அதை 10 அடிக்குக் கொஞ்சம் மேல் என்று எடுத்துக்கொள்கிறது. நீளம் 12 அடி என்று வையுங்கள். உண்மையில் 131 சதுர அடி, கணினிக்கு 121 சொச்சம். ஏறக்குறைய 22 கல் குறைகிறது. குறைந்த கல்லை அப்புறம் செய்து கொடுத்தால் நிறம் சேராது, அறையின் ஓர் ஓரம் மட்டும் வேறாகத் தெரியும். ஓர் ஆர்டரை உறுதிப்படுத்தும்போது அண்ணி வாய்விட்டுப் படித்ததால்தான் இது பிடிபட்டது. அன்று இரவே அடிக்கு ஒரு கட்டம், அங்குலத்துக்கு ஒரு கட்டம் என்று பிரித்தேன். தொட்டால் எண் விசைப்பலகை மட்டும் வரும்படி செய்தேன். அங்குலக் கட்டத்தில் 11-க்கு மேல் போட்டால், 'அங்குலம் 0 முதல் 11 வரை' என்று கட்டத்துக்குக் கீழேயே காட்டும். 'தவறான உள்ளீடு' என்ற வார்த்தையை அந்தத் தளத்தில் எங்கும் வைக்கவில்லை. அவர் எழுதியது தவறில்லை, நான் கேட்ட விதம்தான் தவறு.

தமிழில் பக்கம் அமைப்பவர்களுக்கு இன்னும் சில. கிடைக்கும் டெம்ப்ளேட்டுகள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தை மனதில் வைத்துச் செய்தவை. நம் வார்த்தை நீளம். மெனுவில் ஐந்து சொல் போட்டால் இரண்டு வரியாக மடியும். பட்டனுக்கு நிலையான அகலம் கொடுக்காதீர்கள், சொல்லுக்கு ஏற்ப விரியட்டும். நம் எழுத்தில் மேலே சுழியும் கீழே வளைவும் உண்டு, அதனால் வரிகளை நெருக்கினால் ஒன்றோடொன்று முட்டும். எழுத்து அளவைப் போல 1.7 மடங்கு வரி உயரம் எனக்குச் சரியாக வருகிறது. எழுத்தின் அளவு 14 பிக்சல் என்றால் 'ணு', 'னு' சுழிகள் அடைத்துக்கொள்கின்றன. 17-க்குக் கீழே நான் இறங்குவதில்லை. தலைப்பில் எழுத்துகளுக்கு இடையே இடைவெளி கூட்டுவது ஆங்கிலத்தில் எடுப்பாக இருக்கலாம், தமிழில் வார்த்தை உதிர்ந்து கிடப்பது போலத் தெரியும். பக்கத்தின் மொழி தமிழ் என்று அதன் நிரல் குறியீட்டில் சொல்லிவிடுங்கள். பார்வையற்றவர்களுக்குப் படித்துக் காட்டும் செயலி அதை வைத்துத்தான் தமிழ்க் குரலைத் தேர்ந்தெடுக்கிறது.

அந்தச் சாம்பல் நிறம்: எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5-க்கு 1 என்ற அளவிலாவது வெளிச்ச வேறுபாடு வேண்டும் என்று இணைய அணுகல் வழிகாட்டுதல் சொல்கிறது. அளந்து பார்த்தேன், நான் வைத்திருந்தது 3-ஐக்கூட எட்டவில்லை. வெயிலில் நிற்கிறவருக்கு அந்த 4.5-ம் போதாது. கறுப்பையே வைத்துவிட்டேன்.

வேகத்துக்குப் பெரிய வித்தை எதுவும் இல்லை. படங்களை வெப்பி (WebP) என்ற, கோப்பு அளவு குறைந்த வடிவத்துக்கு மாற்றி, போன் திரைக்குத் தேவையான அகலத்துக்குச் சுருக்கி, ஒவ்வொரு படத்துக்கும் அகலம், உயரம் எழுதி வைத்தேன். அளவு தெரிந்துவிட்டால் படம் வருவதற்கு முன்பே உலாவி இடம் ஒதுக்கிவிடும், பக்கம் குதிக்காது. முதன்மையான பகுதி 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் சொல்லும் அளவு. என் மேசையில் வைஃபையில் பார்த்துத் திருப்திப்படாமல், பட்டறை வாசலில் நின்று சாதாரணப் போனில் பார்த்தேன்.

மூன்று வாரம் கழித்து மறுபடி பள்ளத்தூர் போனேன். அதே வீடு, அடுத்த அறை. கொத்தனாரய்யா இடது கட்டைவிரலால் அடியும் அங்குலமும் போட்டார், எண்ணிக்கை வந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அதை நம்பவில்லை. கரண்டி முனையால் மணலில் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தார். "சரியாத்தான் இருக்கு. ஒடசலுக்குச் சேத்துருக்கா?" சேர்த்திருந்தது. ஆனால் சேர்த்திருக்கிறோம் என்று திரையில் எழுதவில்லை. அங்கேயே உட்கார்ந்து எண்ணுக்குக் கீழே ஒரு வரி சேர்த்தேன்: 'உடைசலுக்கு 14 கல் சேர்த்து'.

அண்ணி இப்போது இரண்டாவது நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறார். விலை கேட்கும் போன்கள் குறைந்துவிட்டன. புதிதாக ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது: "பழைய வீட்டுல நாலஞ்சு கல்லு ஒடஞ்சிருச்சு, அதே மாதிரி கெடைக்குமா?" தேவகோட்டையிலிருந்தும் கோட்டையூரிலிருந்தும் கேட்கிறார்கள். அவர்கள் அனுப்பும் படங்களில் அளவு தெரிவதில்லை, ஈரத் தரையில் நிறம் மாறித் தெரிகிறது. கல்லைத் துடைத்து, காய்ந்த பிறகு, பக்கத்தில் ஓர் அளவு டேப்பை வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் படமெடுக்கச் சொல்ல வேண்டும். அதை எந்த இடத்தில், எத்தனை வார்த்தையில் சொல்வது என்று அட்டையை வெட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். துண்டுக் காகிதங்களை இரண்டு முறை பரப்பி எடுத்தாயிற்று. நாளை காலை அண்ணியிடம் கொடுத்துப் பார்க்க வேண்டும்.